வாசகர் கேள்வி – பதில்: ஒரு சபையின் தொடக்க ஆண்டு எது?

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களிலுள்ள புரட்டஸ்தாந்துச் சபைகளின் தொடக்கத்தையும் வளர்ச்சியையும் பற்றி வாசகர் பலர் எழுதிக் கேட்டிருந்தனர். ஒரே விடயத்தைத் தொடும் கேள்விகளாகையால் அவற்றை இவ்விதழில் ஒருசேர எடுத்துக்கொண்டுள்ளேன். கேட்டவர்களின் பெயர்களைத் தவிர்த்து ஊர்களை மட்டும் குறிப்பிடுகிறேன்.

கேள்வி: எங்கள் கிராமத்து மெதடிஸ்த சபைக்கு ஆண்டுவிழா மலர் ஒன்று வெளியிட எண்ணியுள்ளோம். சபை 1814இல் தொடங்கியது என்று மூத்தவர்கள் உறுதியாகக் கூறுகின்றனர். ஆலயச் சுவரில் பதித்த கல்லிலோ அதற்கு மிகவும் பிந்திய ஓர் ஆண்டு இருக்கிறது. மலரில் எதை அச்சிடுவது?
(மட்டக்களப்புக்கும் கல்முனைக்கும் இடைப்பட்ட ஒரு கிராமத்து வாசகர்)

பதில்: இரண்டையும் தொடக்க ஆண்டாக அச்சிட வேண்டாம் என்பதே என் கருத்து. 1814 என்பது மட்டக்களப்புப் பிரதேசத்தில் மெதடிஸ்தப் பணி தொடங்கிய ஆண்டு. கல்லில் இருப்பது பெரும்பாலும் இப்போதுள்ள கட்டடத்தின் ஆண்டு. உங்கள் சபை இவ்விரண்டுக்கும் இடையில் எங்கோ தொடங்கியிருக்க வேண்டும்.

மூத்தவர்கள் 1814ஐப் பிடித்துக்கொண்டிருப்பதற்குக் காரணம் இல்லாமலில்லை. 1813ஆம் ஆண்டின் இறுதியில் தோமஸ் கோக் என்னும் முதிய போதகரின் தலைமையில் இங்கிலாந்திலிருந்து புறப்பட்ட மெதடிஸ்த மிஷனரிக் குழு, இலங்கையை அடையுமுன்னரே தன் தலைவரை இழந்தது. 1814 மே 3ஆம் திகதி கோக் கப்பலிலேயே இறந்து கிடந்தார். குழுவில் ஒருவரான வில்லியம் ஓல்ட்டின் மனைவியும் அதே பயணத்தில் கடலிலேயே இறந்திருந்தார். ஜூன் 29ஆம் திகதி காலியில் கரையிறங்கியவர்கள், யார் எங்கே செல்வது என்று கூடிப் பேசியபோது, லிஞ்சும் ஸ்குவான்சும் யாழ்ப்பாணத்துக்கும், எர்ஸ்கின் மாத்தறைக்கும் செல்வதென்றும், கிளஃப் காலியிலேயே தங்குவதென்றும், ஓல்ட் தனியொருவராக மட்டக்களப்புக்குப் போவதென்றும் முடிவாயிற்று. மனைவியைப் பறிகொடுத்த ஒருவரை, துணைக்கு இன்னொருவர்கூட இல்லாமல் காய்ச்சலுக்குப் பேர்போன ஓரிடத்துக்கு அனுப்பிய அந்த ஏற்பாடு எனக்கு எப்போதும் உறுத்தலாகவே இருந்திருக்கிறது. அவர் புளியந்தீவில் பாடசாலை நடத்தினார், தமிழ் கற்றார், சுற்றியிருந்த ஊர்களிலும் பாடசாலைகளைத் திறந்தார். எட்டு மாதங்களில் எட்டுப் பாடசாலைகள் என்பது மெதடிஸ்த வரலாறுகளில் வழிவழியாகச் சொல்லப்படும் கணக்கு. 1815 ஏப்ரில் 1ஆம் திகதி, வந்து ஓராண்டு நிறைவதற்குள், அவரும் நோயுற்று இறந்தார். மெதடிஸ்த மத்திய கல்லூரி 1814ஐத் தன் ஆண்டாகக் கொண்டாடுவது முறையானதே. ஆனால் ஓல்ட் விட்டுச்சென்றவை பாடசாலைகளே ஒழிய, தமக்கெனப் பெயர்ப்பட்டியலும் பொறுப்பாளர்களும் கொண்ட கிராமச் சபைகளல்ல. அத்தகைய சபைகள் அவருக்குப் பின் வந்தவர்களின் காலத்தில், அதுவும் மெல்ல மெல்லவே, உருவாயின.

ஒரு கிராமத்தில் இது பொதுவாக நடந்த விதம் இதுதான்: முதலில் ஓலைக்கூரை போட்ட ஒரு பாடசாலை வரும், வார நாட்களில் அரிச்சுவடி சொல்லிக்கொடுத்த ஆசிரியரே ஞாயிற்றுக்கிழமை அதே வாங்குகளில் பெரியவர்களை இருத்தி வேதாகமம் வாசிப்பார், சில ஆண்டுகள் கழித்து ஒரு குடும்பம் ஞானஸ்நானம் பெறும், பிறகு ஐந்தாறு பேர் சேர்ந்து ஒரு ‘வகுப்பு’ ஆவர், பல சபைகளுக்குப் பொறுப்பான முகாமைக்குரு மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்து திருவிருந்து கொடுப்பார், இவையெல்லாம் நடந்து ஒரு தலைமுறை கழிந்த பின்னரே கல்லும் சுண்ணாம்பும் கொண்ட ஆலயம் எழும்பும். எனவே ஒரு சபைக்குப் பல தொடக்க நாட்கள் உண்டு. அவற்றுள் ஒன்றைத்தான் தெரிவுசெய்ய வேண்டுமென்றால், உங்கள் ஊரில் முதல் வகுப்பு அமைந்த ஆண்டை நான் தெரிவுசெய்வேன். 1742இல் பிரிஸ்டல் நகரில், ஆலயக் கடனை அடைப்பதற்காக ஆளுக்கு வாரம் ஒரு பென்னி சேர்க்கத் தொடங்கிய ஏற்பாட்டிலிருந்து பிறந்த வகுப்பு முறைதான் மெதடிஸ்தச் சபையின் எலும்பு: ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு தலைவர், அவர் பெரும்பாலும் குருவல்லாத ஓர் ஊரவர், அவரிடம் ஒரு பட்டியல். அந்தப் பட்டியலில் உங்கள் ஊர்ப் பெயர்கள் ஏறிய நாளில்தான் அங்கே ஒரு சபை இருந்தது என்று துணிந்து சொல்லலாம். மற்ற ஆண்டுகளையும் மலரில் வரிசையாகக் கொடுங்கள். எந்த ஆண்டில் எது நடந்தது என்பதை மறைக்காமல் எழுதினால் மூத்தவர்களும் மனம் நோகார்.

கேள்வி: மட்டக்களப்புக் கோட்டை ஒல்லாந்தருடையது, அவர்களும் புரட்டஸ்தாந்தினரே. அப்படியிருக்க, இங்குள்ள சபைகள் அவர்கள் காலத்திலிருந்து தொடர்ந்து வரவில்லையே, ஏன்?
(புளியந்தீவு வாசகி)

பதில்: கோட்டையைக் கட்டியவர்கள் போர்த்துக்கேயர்; ஒல்லாந்தர் 1638இல் அதைக் கைப்பற்றினர். அவர்களின் சீர்திருத்தத் திருச்சபை அரசாங்கத்தோடு ஒட்டியே இயங்கியது. பாடசாலைத் தோம்பு என்னும் பதிவேட்டில் பெயர் பதியவும், திருமணத்தைப் பதியவும், உத்தியோகம் பெறவும் ஞானஸ்நானம் தேவைப்பட்டதால், கரையோர மாகாணங்களில் ஆயிரக்கணக்கானோர் பெயரளவில் கிறிஸ்தவராயினர். ஆங்கிலேயர் வந்து அந்தக் கட்டாயம் நீங்கியவுடன் அவர்களில் மிகப் பலர் தத்தம் பழைய வழிபாட்டுக்கே திரும்பினர். கட்டாயத்தால் நிரப்பிய தோம்பு வேறு எப்படித்தான் முடிந்திருக்கும்? போல்டேயஸ் போன்ற போதகர்கள் தங்கியிருந்து பணியாற்றிய யாழ்ப்பாணத்திலேயே நிலைமை இதுவென்றால், காவற்படையை மையமாகக் கொண்ட மட்டக்களப்பைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஒல்லாந்தர் காலத்தின் நிலையான பேறு என்று நான் கருதுவது தமிழ் நூல்களைத்தான். 1759இல் கொழும்பில் வெளிவந்த புதிய ஏற்பாட்டை மொழிபெயர்த்த பிலிப்பு தெ மெல்லோ இந்நாட்டுத் தமிழர்.

போர்த்துக்கேயர் வழிவந்த மட்டக்களப்புப் பறங்கியர் பெரும்பாலும் கத்தோலிக்கராகவே நின்றனர். அவர்கள் வீட்டில் பேசிய போர்த்துக்கேயக் கிளைமொழியை வெஸ்லியன் (அதாவது மெதடிஸ்த) மிஷனரிமார் தாமும் கற்று, அதில் பிரசங்கித்ததோடு புதிய ஏற்பாட்டையும் மொழிபெயர்த்தனர் என்பது இன்று பலருக்கும் தெரியாத செய்தி.

கேள்வி: 19ஆம் நூற்றாண்டு மிஷன் அறிக்கைகளைப் புரட்டிப் பார்த்தேன். பாடசாலைப் பிள்ளைகளின் தொகை பெரிதாகவும், சபை அங்கத்தினர் தொகை மிகச் சிறிதாகவும் இருக்கின்றன. அப்படியானால் சபை வளரவில்லை என்றுதானே கொள்ள வேண்டும்?
(கல்முனை வாசகர், ஓய்வுபெற்ற ஆசிரியர்)

பதில்: அந்த எண்களை வாசிக்கும் முறையில்தான் விடயம் இருக்கிறது. பழைய மெதடிஸ்த அறிக்கையில் ‘அங்கத்தினர்’ என்றால், வகுப்பில் ஒழுங்காகக் கலந்து, பரீட்சார்த்தக் காலத்தைக் கடந்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை அங்கத்துவச் சீட்டுப் பெற்றவர் மட்டுமே. ஞானஸ்நானம் பெற்ற குழந்தைகளும், ஞாயிறுதோறும் வந்து பின்வாங்கில் இருந்து கேட்டுவிட்டுப் போகிறவர்களும் அதில் சேரமாட்டார்கள். ஆகவே ஆலயத்தில் கூடியவர்கள் பட்டியலில் உள்ளவர்களை விட எப்போதும் அதிகமாகவே இருந்திருப்பர்.

இதைக் கழித்துப் பார்த்தாலும் இடைவெளி பெரிது என்பது உண்மைதான். மிஷன் பாடசாலைகளுக்கு வந்த பிள்ளைகளில் பெரும்பாலோர் சைவக் குடும்பத்தினர். அவர்களின் பெற்றோர் ஆங்கிலத்தையும் உத்தியோகத்தையும் எண்ணியே அனுப்பினர், வேதபாடத்தை அதற்கான விலையாகப் பொறுத்துக்கொண்டனர். காரைதீவில் 1892இல் பிறந்த சுவாமி விபுலாநந்தர் கல்முனை மெதடிஸ்த பாடசாலையில் பயின்ற பின்னரே மட்டக்களப்பு சென்று கத்தோலிக்கரின் புனித மைக்கேல் கல்லூரியில் சேர்ந்தார். அப்படிப் பயின்றவர் பின்னர் இராமகிருஷ்ண மிஷன் துறவியாகி, சைவப் பிள்ளைகளுக்கான பாடசாலைகளைக் கட்டியெழுப்பினார். சபைப் பட்டியலை மட்டும் வைத்துப் பார்த்தால் கல்முனைப் பாடசாலைக்கு இது தோல்வி. நீங்களும் நானும் அப்படிச் சொல்லமாட்டோம்.

அறிக்கைகள் தவறவிடுகிற இன்னொன்று உண்டு. எனக்கு அதுவே முக்கியமாகப் படுகிறது. மட்டக்களப்புத் தமிழகத்தில் குடி என்னும் குலப்பிரிவு தாய்வழியாக எண்ணப்படுகிறது. வீடும் வளவும் பெரும்பாலும் மகளுக்குச் சீதனமாகப் போகின்றன. மணம் முடித்த ஆண் பெண் வீட்டுக்குக் குடிவருகிறான். இத்தகைய சமூகத்தில் ஓர் ஆண் தனியனாக ஞானஸ்நானம் பெற்றால், அவன் மணம் முடித்துப் போகும் வளவில் அவனுடைய விசுவாசத்துக்கு வேரூன்ற இடமில்லை. ஒரு பெண் பெற்றாலோ, அந்த வளவில் விளக்கு வைப்பவளும் பிள்ளைகளுக்குச் சோறூட்டுபவளும் அவளே. அவளுடைய மகள்மாரும் அடுத்த வளவில் வீடு கட்டிக்கொண்டு அங்கேயே இருப்பர். நம் கிராமங்களிற் சிலவற்றில் சபைக் குடும்பங்கள் ஓர் ஒழுங்கையை ஒட்டி நெருக்கமாகக் குடியிருப்பதற்கு, மிஷன் காணி வழங்கியது மட்டும் காரணமல்ல, இந்தத் தாய்வழி ஒழுங்கும் ஒரு காரணம் என்பது என் துணிபு. 1820ஆம் ஆண்டைத் தன் தொடக்கமாகக் கொள்ளும் வின்சன்ற் மகளிர் பாடசாலையையும், பின்னர் தோன்றிய பெண் பிள்ளைகளின் விடுதிகளையும், வீடு வீடாகச் சென்று வாசித்துக்காட்டிய வேதாகமப் பெண்களையும் இந்தக் கண்ணோடு பார்த்தால், சபையின் உண்மையான வளர்ச்சி எங்கே நடந்தது என்பது தெரியும். முகாமைக்குருமாரின் படங்கள் ஆலய மண்டபத்தில் வரிசையாகத் தொங்குகின்றன. வேதாகமப் பெண்களில் எத்தனை பேரின் பெயரையாவது நாம் சொல்ல முடியும்?

மிஷனரிமாரிலும் தமிழில் ஊறிப்போனவர்கள் இருந்தனர். மட்டக்களப்பில் நீண்டகாலம் இருந்து, காட்டோர வேடர்களிடையேயும் பணியாற்றிய றால்ஃப் ஸ்டொட், 1862இல் தென்னாபிரிக்காவின் நேற்றால் பகுதிக்கு அனுப்பப்பட்டார். கரும்புத் தோட்டங்களுக்குக் கூலிகளாகக் கொண்டுசெல்லப்பட்ட இந்தியத் தமிழரிடம் பேச அவருக்கு மட்டக்களப்பில் கற்ற தமிழே உதவியது.

பாடசாலைகளோடு சபைக்கிருந்த இந்தப் பிணைப்பு 1960ஆம், 1961ஆம் ஆண்டுகளின் சட்டங்களால் அறுந்தது. உதவிபெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றது. கிராமங்களில் அதன் விளைவு பலர் எண்ணுவதை விடக் கடுமையானது. அதுவரை தலைமை ஆசிரியர் என்பவர் ஞாயிற்றுக்கிழமை உள்ளூர்ப் பிரசங்கியார், மாலையில் பாடற்குழுத் தலைவர், கடிதம் எழுதத் தெரியாதவர்களுக்கு எழுத்தர். சம்பளமோ பாடசாலைக் கணக்கிலிருந்து வந்தது. அவர் மாற்றலாகிப் போனபோது சபை ஒரே நாளில் நான்கு ஊழியரை இழந்தது. 1964இல் இலங்கை மெதடிஸ்த திருச்சபை தனக்கெனச் சுயாதீனமான மாநாட்டைப் பெற்றபோது, கிராமச் சபைகள் தம் காலில் நிற்கப் பழகிக்கொண்டிருந்தன. அறுவடைப் பண்டிகை ஏலம் அப்போது வெறும் கொண்டாட்டமாக இருக்கவில்லை. நெல்மூட்டை, தேங்காய்க்குலை, முந்திரிகைப் பருப்பு, எருமைத் தயிர்ச்சட்டி எல்லாம் பலிபீடத்தின் முன் அடுக்கப்பட்டு, ஆராதனை முடிந்தவுடன் ஆலய முற்றத்தில் விலை கூறப்படும். முதலாவதாக எடுத்தவர் பணத்தைக் கட்டிவிட்டுச் சட்டியைத் திருப்பிக் கொடுப்பார். அதே சட்டி இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் ஏலத்தில் ஏறும். ஆலயத்துக்கு ஓடு மாற்றியதும் குருமனைக்குக் கிணறு வெட்டியதும் பல இடங்களில் இந்தப் பணத்தில்தான். சைவ அயலவர்களும் நின்று விலை கேட்பார்கள். அதை இன்றும் காணலாம்.

கேள்வி: 2019ஆம் ஆண்டு உயிர்த்த ஞாயிறன்று குண்டுத்தாக்குதலுக்கு உள்ளான சீயோன் தேவாலயம் கத்தோலிக்க ஆலயமா? பத்திரிகைகளில் பலவிதமாக வந்தது.
(களுவாஞ்சிகுடி வாசகர்)

பதில்: அல்ல. ஏப்ரில் 21ஆம் திகதி தாக்கப்பட்ட மூன்று வழிபாட்டிடங்களில் கொச்சிக்கடை புனித அந்தோனியார் ஆலயமும் நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டிய புனித செபஸ்தியார் ஆலயமும் கத்தோலிக்கருடையவை. மட்டக்களப்பு சீயோன் தேவாலயம் சுவிசேஷ மரபைச் சேர்ந்த சுயாதீனப் புரட்டஸ்தாந்துச் சபை. மெதடிஸ்த, அங்கிலிக்கன் நிருவாகங்களுக்கும் அது உட்பட்டதன்று. இறந்தவர்களில் ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகள் பலர் இருந்தனர்.

கேள்வி: நாங்கள் சில குடும்பங்கள் ஒரு வீட்டில் கூடி ஜெபிக்கிறோம். இப்போது இடம் போதவில்லை. சபையாகப் பதிவு செய்துகொள்ளவும், காணி வாங்கவும், எங்களுக்குள் திருமணம் நடத்தவும் என்ன வழி?
(அக்கரைப்பற்று வாசகர்)

பதில்: மூன்றும் வெவ்வேறு அலுவல்கள்; ஒன்றைச் செய்தால் மற்றது தானாக வந்துவிடாது. கூடி வழிபடும் உரிமை அரசியலமைப்பின் 10ஆம், 14ஆம் உறுப்புரைகளிலேயே இருக்கிறது. அதற்குப் பதிவு ஒரு முன்நிபந்தனையல்ல. காணியும் வங்கிக் கணக்கும் சபையின் பெயரில் இருக்க வேண்டுமானால் சட்டப்படியான ஓர் ஆள்நிலை வேண்டும். மெதடிஸ்த, அங்கிலிக்கன் போன்ற பழைய திருச்சபைகளின் காணிகளை அவற்றின் கூட்டிணைக்கப்பட்ட நம்பிக்கைப் பொறுப்பாளர்கள் வைத்திருப்பதால் கிராமச் சபைக்கு இந்தக் கவலை இல்லை. சுயாதீனச் சபைகளோ பாராளுமன்றச் சட்டமூலம் மூலம் கூட்டிணையலாம், அல்லது 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் கீழ் உத்தரவாதத்தால் வரையறுக்கப்பட்ட கம்பனியாகப் பதியலாம். கத்தோலிக்க அருட்சகோதரிகள் சபையொன்றின் கூட்டிணைப்புச் சட்டமூலம் 2003இல் உயர் நீதிமன்றத்தில் தடைப்பட்ட பின்னர், முதல் வழி கடினமென்று கண்டு பலரும் இரண்டாவதையே நாடுகின்றனர். எதுவும் செய்யாமல் போதகரின் சொந்தப் பெயரில் காணி உறுதி எழுதுவதுதான் மிக எளிது. அவர் இறந்தபின் பிள்ளைகள் உரிமை கோரும்போது அதன் விலை தெரியும். அந்த வழியில் போகாதீர்கள்.

புதிய வழிபாட்டிடம் கட்டுவதைப் பொறுத்தவரை, மத விவகாரங்களுக்குப் பொறுப்பான அமைச்சு 2008 ஒக்டோபரில் வெளியிட்ட சுற்றறிக்கை முன்அனுமதியைக் கோரியது; அதன் சட்டவலு பற்றியும், பௌத்தரல்லாத மதத்தவரின் கட்டடங்களுக்கு அது பொருந்துமா என்பது பற்றியும் நீண்ட விவாதம் உண்டு. அத்திவாரம் வெட்டுவதற்கு முன் பிரதேச செயலகத்திலும் உள்ளூராட்சி மன்றத்திலும் தற்போதைய நடைமுறையை எழுத்தில் கேட்டுப் பெற்றுக்கொள்வது நல்லது. அயலிலுள்ள கோவில் நிருவாகத்தினரையும் பள்ளிவாசல் நிருவாகத்தினரையும் நேரில் கண்டு சொல்லிவைப்பது எந்தச் சட்டத்திலும் இல்லை. ஆனாலும் அக்கரைப்பற்றில் வாழும் உங்களுக்கு அதன் அவசியத்தை நான் விளக்க வேண்டியதில்லை. திருமணத்துக்கு 1907ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் திருமணப் பதிவுக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கட்டடம் தனியாகப் பதியப்பட வேண்டும். அதுவரை பதிவாளர் முன்னிலையில் பதிந்துவிட்டுப் பிறகு சபையில் ஆசீர்வாதம் பெற்றுக்கொள்ளலாம்.

கேள்வி: எங்கள் சபையின் பழைய பதிவேடுகள் சூறாவளியிலும் கடல்கோளிலும் போய்விட்டன. முன்னோரின் பெயர்களை இனி எங்கே தேடுவது?
(கல்லடி வாசகி)

பதில்: 1978 நவம்பர் 23ஆம் திகதிச் சூறாவளி கூரைகளைத் தூக்கியபோது நனைந்து கூழானவையும், 2004 டிசெம்பர் 26ஆம் திகதி அலையோடு போனவையும், இடையில் இடப்பெயர்வுகளின்போது கைவிடப்பட்டவையும் என்று கிழக்கின் சபைகள் இழந்த ஏடுகள் ஏராளம். ஆயினும் கிராமச் சபை தனித்து இயங்கியதில்லை. ஒரு முகாமைக்குருவின் கீழ்ப் பல சபைகள் ஒரே சேகரமாக இருந்தமையால், கிராமத்து ஞானஸ்நானங்கள் பலவேளை சேகரத்தின் தலைமைச் சபையில் இருந்த ஏட்டிலேயே பதியப்பட்டன. கல்லடி முற்காலத்தில் எந்தச் சேகரத்தோடு சேர்ந்திருந்தது என்பதை அறிந்துகொண்டு முதலில் அங்கே கேளுங்கள். ஏடு கிடைத்தால் அதன் பத்திகளைப் பொறுமையாக வாசியுங்கள்: பிள்ளையின் பெயர், பெற்றோர் பெயர், குடியிருப்பு, தகப்பனின் தொழில், நாள், ஞானஸ்நானம் கொடுத்தவரின் கையொப்பம் என்ற வரிசையில் இருக்கும். ஊர்ப் பெயர்களை வெள்ளைக்காரர் காதால் கேட்டு ஆங்கிலத்தில் எழுதியிருப்பதால், ஒரே ஊர் மூன்று விதமாகத் தோன்றக்கூடும். வாய்விட்டு வாசித்தால் பிடிபடும். தொழில் பத்தியை விட்டுவிடாதீர்கள். முதற் குடும்பங்கள் ஆசிரியரா, மீன்பிடிகாரரா, தச்சரா, போடியாரிடம் (வயற்சொந்தக்காரரிடம்) வேலைசெய்தவரா என்பது வேறெங்கும் எழுதப்பட்டிராது.

கொழும்பிலுள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்தில் ஒல்லாந்தர் கால ஆவணங்களும், வுல்வெண்டால் தேவாலயத்தில் சீர்திருத்தத் திருச்சபையின் பழைய பதிவேடுகளும் உள்ளன. கல்லடிக் குடும்பமொன்றுக்கு அவை பயன்படுவது அரிது. வெஸ்லியன் மிஷனரிமார் தம் சங்கத்துக்கு எழுதிய கடிதங்களும் அறிக்கைகளும் இலண்டன் பல்கலைக்கழகத்தின் கீழைத்தேய, ஆபிரிக்கக் கற்கைகளுக்கான கல்லூரியில் பாதுகாக்கப்படுகின்றன. அங்கு பிள்ளைகள் யாரேனும் படித்துக்கொண்டிருந்தால், மட்டக்களப்பு நிலையத்துக்குரிய பெட்டிகளைப் பார்த்துவரச் சொல்லலாம். இவற்றுக்கெல்லாம் முன்னதாகச் செய்ய வேண்டியது வீட்டிலேயே இருக்கிறது: குடும்ப வேதாகமங்களின் முன்தாள்களில் பிறப்பு, மணம், மரணம் எழுதிவைக்கும் பழக்கம் நம்மிடம் இருந்தது. சபையில் அறிவித்தல் கொடுத்து, அந்தத் தாள்களைக் கைத்தொலைபேசியில் படமெடுத்து ஒருவரிடம் சேர்க்கச் சொல்லுங்கள். வேதாகமத்தை யாரும் கையை விட்டுக் கொடுக்க வேண்டியதில்லை.